வெள்ளையும் சிவப்பும்: கோழிக்குஞ்சுக் கழிச்சலின் கதை

போன ஐப்பசி மழையில் எங்கள் வீட்டுக் கோழிகள் இரண்டு அடுத்தடுத்து குஞ்சு பொரித்தன. மொத்தம் 22 குஞ்சுகள். மழை விடவே இல்லை என்பதால் அம்மா எல்லாவற்றையும் மாட்டுக்கொட்டகை ஓரத்தில் தடுப்பு கட்டி அடைத்து வைத்திருந்தார். நாலாவது வாரம் ஒரு காலையில் பார்த்தால், மூன்று குஞ்சுகள் இறக்கையைத் தொங்கப்போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மூலையில் ஒண்டி நிற்கின்றன. அம்மா பார்த்ததும் சொன்னார்: "வெள்ளைக்கழிச்சல் வந்திருச்சுடா."

நான் டவுனுக்கு ஓடினேன். மருந்துக் கடையில் ஒரு ஆன்டிபயாடிக் பொடியைக் கொடுத்து, "கழிச்சல் எல்லாத்துக்கும் இது கேக்கும்" என்றார்கள். கூடவே தெம்புக்கு ஒரு பி-காம்ப்ளெக்ஸ் டானிக். இரண்டையும் தண்ணீரில் கலந்து வைத்தோம். மறுநாள் நாலு செத்தன. அதற்கு அடுத்த நாள் ஆறு.

மூன்றாம் நாள் செத்த குஞ்சு ஒன்றைப் பையில் போட்டு கால்நடை மருத்துவரிடம் எடுத்துப்போனேன். வயிற்றைக் கீறிக் காட்டினார். கோழியின் குடல் முடியும் இடத்தில் இரண்டு குருட்டுக்குடல்கள் கிளை மாதிரி பிரியும். அவை இரண்டும் விரல் மொத்தத்துக்கு வீங்கி, உள்ளே உறைந்த ரத்தம் அடைத்திருந்தது. "தரையில் எச்சத்தைப் பாக்கலையா தம்பி? சிவப்பா இருந்திருக்குமே. இது வெள்ளைக்கழிச்சல் இல்ல, ரத்தக்கழிச்சல். அந்தப் பொடி இதுக்குக் கேக்காது. டானிக்கையும் முதல்ல நிறுத்துங்க" என்றார். வேறு மருந்து எழுதிக் கொடுத்தார். மிச்சம் இருந்த 12 குஞ்சுகளில் 11 பிழைத்தன.

பொடி கேட்காதது சரி. டானிக்கை ஏன் நிறுத்தச் சொன்னார்? இந்தக் கேள்வி மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. தேடப் போனால், எங்கள் வீட்டில் மூன்று நாளில் நடந்த அதே குழப்பம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் முப்பது வருடம் நடந்திருக்கிறது. அந்தக் குறிப்புகள்தான் இவை.

முதலில் வெள்ளை

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் கோழி வளர்ப்பு மாறிக்கொண்டிருந்தது. அதுவரை அங்கேயும் நம்மூர் மாதிரிதான். அடைக்கோழி, பத்துப் பன்னிரண்டு முட்டை, கொல்லைப்புறம். பிறகு பொரிப்பான் வந்தது. ஒரே பெட்டியில் நூற்றுக்கணக்கான முட்டைகள். குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் போட்டு ரயிலில் அனுப்பும் வியாபாரம் 1890களில் தொடங்கியது. 1918இல் அமெரிக்க அஞ்சல்துறையே ஒரு நாள் குஞ்சுகளைப் பார்சலாக ஏற்கத் தொடங்கிவிட்டது.

குஞ்சுகளோடு சேர்ந்து நோயும் பயணம் போனது. பொரித்த சில நாட்களிலேயே குஞ்சுகள் கூட்டமாக நெருக்கி நின்று முனகும். பின்புறத்தில் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளை எச்சம் ஒட்டியிருக்கும். இரண்டு, மூன்று வாரத்துக்குள் பாதிக்கு மேல் செத்துப்போவதும் உண்டு. விவசாயிகள் இதற்கு வைத்த பெயர், தமிழில் சொன்னால், அப்படியே வெள்ளைக்கழிச்சல்தான்.

யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த லியோ ரெட்கர் என்ற பாக்டீரியா ஆய்வாளர் 1899இல் செத்த குஞ்சுகளிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். இதற்குப் பின்னாளில் 'சால்மொனெல்லா புல்லோரம்' என்று பெயர். புல்லோரம் என்றால் லத்தீனில் 'குஞ்சுகளுடைய' என்று பொருள். 1909இல் ரெட்கரும் ஸ்டோன்பர்ன் என்பவரும் கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்டாரஸ் ஆய்வு நிலையத்திலிருந்து விரிவான அறிக்கை வெளியிட்டார்கள். ரெட்கர் கண்டுபிடித்ததில் முக்கியமானது இதுதான்: கிருமி தாய்க்கோழியின் சினைப்பையில் குடியிருக்கிறது. தாய் பார்க்க நன்றாக இருக்கும், முட்டையும் இடும். ஆனால் அந்த முட்டைக்குள்ளேயே நோய் போய்விடும். குஞ்சு ஓட்டை உடைத்து வரும்போதே நோயோடு வருகிறது. ஒரு பொரிப்பானில் அப்படி ஒன்று பொரித்தால், அதன் பஞ்சுத்தூள் பறந்து பக்கத்துக் குஞ்சுகளுக்கும் பரவும்.

இதற்குக் குஞ்சுக்கு மருந்து கொடுத்து என்ன பயன்? பிழைத்த குஞ்சே நாளைக்கு நோயைச் சுமக்கும் தாய். ஆகவே வைத்தியம் தாயிடம் போக வேண்டியிருந்தது. 1913இல் எஃப். எஸ். ஜோன்ஸ் என்பவர் கோழியின் ரத்தத்தைச் சோதித்து நோய் சுமப்பதைக் கண்டுபிடிக்கும் முறையைக் காட்டினார். 1931இல் அதுவும் எளிதாகிவிட்டது: இறக்கையில் குத்தி ஒரு சொட்டு ரத்தம், அதோடு சாயமேற்றிய கிருமிக் கரைசல் ஒரு சொட்டு. துகள்துகளாகத் திரிந்தால் அந்தக் கோழி முட்டைக்கு ஆகாது. கொட்டகையிலேயே நின்று பார்த்துவிடலாம். 1935இல் அமெரிக்கா இதற்காகவே தேசிய அளவில் ஒரு கோழி மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. நோய் சுமந்த தாய்களைக் கழித்துக் கழித்தே பண்ணைகளிலிருந்து அதை விரட்டினார்கள்.

குழப்பம்

கேட்கும்போது நேர்கோடு மாதிரி இருக்கிறது, இல்லையா? நடந்தது அப்படி இல்லை. ரெட்கர் பாக்டீரியா என்று சொல்லிக்கொண்டிருந்த அதே காலத்தில், வேறு சிலர் செத்த குஞ்சுகளின் குடலில் நுண்ணோக்கி வைத்துப் பார்த்து வேறொன்றைக் கண்டார்கள். முட்டை வடிவத்தில், கெட்டியான ஓட்டோடு இருந்த ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. காக்சிடியா. 1908இல் அமெரிக்க வேளாண் துறையின் ஜார்ஜ் பைரன் மோர்ஸ், குஞ்சுகளின் வெள்ளைக்கழிச்சலுக்குக் காரணம் இந்தக் காக்சிடியாதான் என்று எழுதினார். இங்கிலாந்தில் காட்டுக்கோழிகளின் சாவை ஆராய்ந்த ஃபேந்தமும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான்.

யார் சரி? இருவருமே கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள். கோழிக் குடலில் காக்சிடியா இல்லாத கொல்லை அபூர்வம். நல்ல கோழியிலும் கொஞ்சம் இருக்கும். வேறு நோயில் செத்த குஞ்சை அறுத்தாலும் கிடைக்கும். அங்கே இருந்தது என்பதாலேயே அதுதான் கொன்றது என்று ஆகிவிடாது. ஆனால் 'வெள்ளைக்கழிச்சல்' என்று ஒரே பெயர் இருந்ததால், காரணமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோழி எச்சத்தின் வெள்ளை என்பது நோயின் நிறமே அல்ல. நமக்குச் சிறுநீர் எப்படியோ, பறவைக்கு அந்த வெள்ளை அப்படி, யூரிக் அமிலம். சாப்பிடாமல் கிடக்கிற குஞ்சுக்குக் குடலிலிருந்து வேறொன்றும் வராது, வெள்ளை மட்டும்தான் வரும். குளிரில் நடுங்கிய குஞ்சுக்கும், தொலைவிலிருந்து வண்டியில் வந்த குஞ்சுக்கும் நோய் இல்லாமலேயே பின்புறம் அடைத்து ஒட்டிக்கொள்ளும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துத் துடைத்து, சூடு காட்டினால் அது சரியாகிவிடும்.

சிவப்பு

காக்சிடியாவின் சொந்தக் கதை இன்னும் பழையது. 1674இல் லீவன்ஹூக் முயலின் பித்தநீரில் பார்த்த முட்டை வடிவத் துகள்கள் இந்த இனம்தான் என்று கருதுகிறார்கள். 1875இல் ஷ்னைடர் என்பவர், ஜெர்மன் விலங்கியலாளர் தியோடர் ஐமரின் நினைவாக இவற்றுக்கு 'ஐமீரியா' என்று பெயர் வைத்தார். 1891இல் பிரான்சில் ராய்யே, லுசே இருவரும் குஞ்சுகளின் குருட்டுக்குடலில் இருந்த வகையைத் தனியே விவரித்தார்கள். இன்றைக்கு அது 'ஐமீரியா டெனெல்லா'. எங்கள் குஞ்சுகளைக் கொன்றது அநேகமாக அதுதான்.

அதன் பிறகும் பல வருடம், பறவைகளின் காக்சிடியா எல்லாம் ஒரே வகை என்றே பலர் நம்பினார்கள். முடிச்சை அவிழ்த்தவர் ஹார்வர்டின் எர்னஸ்ட் டைசர். மனித மருத்துவம் படித்தவர். தூய்மையாக வளர்த்த குஞ்சுகளுக்கு ஒவ்வொரு வகையையும் தனித்தனியாகக் கொடுத்து, குடலில் எந்த இடத்தில் தங்குகிறது, எத்தனையாவது நாள் என்ன செய்கிறது என்று பொறுமையாகப் பார்த்தார். 1929இல் வெளிவந்த அவருடைய நீண்ட கட்டுரை டெனெல்லா, அசெர்வுலினா, மாக்சிமா, மிடிஸ் என்று வகைகளைப் பிரித்துக் காட்டியது. ஒவ்வொன்றுக்கும் குடலில் ஒவ்வொரு பகுதி. ஒன்றை ஜெயித்த குஞ்சுக்கு அந்த ஒன்றுக்கு எதிராகத்தான் எதிர்ப்பு வரும், மற்றதற்கு வராது. அடுத்த வருடம் ஓரிகனில் ஜான்சன் என்பவர் 'நெகாட்ரிக்ஸ்' என்ற இன்னொரு கொடிய வகையையும் பட்டியலில் சேர்த்தார். லத்தீனில் அதற்குக் 'கொல்பவள்' என்று பொருள்.

டெனெல்லாவின் நாட்காட்டியைக் கேளுங்கள். எச்சத்தில் விழும் அதன் ஓட்டு முட்டையால் உடனே யாருக்கும் கெடுதல் இல்லை. ஈரம், சூடு, காற்று மூன்றும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் முற்றிவிடும். முற்றிய முட்டை ஒன்றுக்குள் எட்டு உயிரிகள். குஞ்சு கொத்தி விழுங்கினால் குடலின் சுவருக்குள் புகுந்து, பெருகி, செல்லை உடைத்து, மறுபடி புகுந்து பெருகும். இரண்டாவது தலைமுறை ஆழமாகப் போய் உடைக்கும்போதுதான் ரத்தக் குழாய்கள் கிழிகின்றன. அது நாலாம், ஐந்தாம் நாள். ஐந்தாம், ஆறாம் நாள் சாவு. புதிய ஓட்டு முட்டைகள் எச்சத்தில் வருவதோ ஏழாம் நாள் வாக்கில்.

அதாவது, ரத்தம் தெரிகிற நேரத்தில் நோய் பாதி வேலையை முடித்திருக்கும். அந்த நேரத்தில் எச்சத்தை நுண்ணோக்கியில் பார்த்தால்கூட ஓட்டு முட்டை அகப்படாமல் போகலாம். குடலை அறுத்துப் பார்ப்பதுதான் அப்போது உறுதியான சாட்சி. மருத்துவர் செத்த குஞ்சைக் கேட்டு வாங்கியது ஏன் என்று எனக்கு இதைப் படித்த பிறகுதான் உறைத்தது.

இன்னொன்றும் உறைத்தது. நாலு வாரக் குஞ்சுகள், மழை, அடைத்த கொட்டகை, நனைந்த வைக்கோல். ஈரம், சூடு, காற்று மூன்றையும் நாங்களே ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறோம்.

மோரிலிருந்து மருந்து வரை

மருந்து இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்? 1920களில் கலிஃபோர்னியாவில் தீவனத்தோடு பால் பொடியைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். குடலில் புளிப்பு ஏறினால் கிருமி அடங்கும் என்ற எண்ணம். நம்மூரில் வயிற்றுப்போக்குக்கு மோர் கொடுக்கிற அதே யோசனைதான். பிற்காலச் சோதனைகளில் இது கைகொடுக்கவில்லை. 1930களில் கந்தகத்தைத் தீவனத்தில் கலந்தார்கள். அது ஓரளவு தடுத்தது, ஆனால் வெயில் படாத குஞ்சுகளுக்குக் கால் எலும்பு வலுவிழந்தது.

திருப்பம் 1939. கார்னெல் பல்கலைக்கழகத்தின் பி. பி. லெவின், அப்போது மனிதர்களுக்குப் புதிதாக வந்திருந்த சல்ஃபா மருந்து காக்சிடியாவையும் அடக்குகிறது என்று காட்டினார். அடுத்து வந்தது சல்ஃபாகுயினாக்சலின். இது மலேரியாவுக்காக மெர்க் நிறுவனத்தில் செய்த மருந்து. மனிதர்களுக்கு நஞ்சாகத் தெரிந்ததால் ஓரங்கட்டப்பட்டது. கோழிக்குப் பலித்தது. 1948இல் தீவனத்திலேயே தொடர்ந்து கலந்து கொடுக்கும் முதல் காக்சிடியா மருந்தாக விற்பனைக்கு வந்தது. லட்சக்கணக்கில் கோழிகளை ஒரே கூரையின் கீழ் அடைத்து வளர்க்க முடிந்ததில் இந்த வகை மருந்துகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

1960இல் வந்தது ஆம்ப்ரோலியம். எங்களுக்கு எழுதிக் கொடுத்தது இதைத்தான். டானிக் கதைக்கான விடையும் இங்கேதான் இருக்கிறது. ஆம்ப்ரோலியத்தின் உருவம் தயமின், அதாவது வைட்டமின் பி1 போலவே இருக்கும். ஒட்டுண்ணி பெருகுவதற்குத் தயமின் தேவை. பி1 என்று நினைத்து ஆம்ப்ரோலியத்தை இழுத்துக்கொண்டு பட்டினியில் விழுகிறது. இந்த நேரத்தில் நாம் பி-காம்ப்ளெக்ஸை ஊற்றினால்? அசல் பி1 தாராளமாகக் கிடைக்கும்; போலியின் வேலை கெட்டுவிடும். தெம்புக்கு என்று நாங்கள் ஊற்றியது ஒட்டுண்ணிக்கும் தெம்பு. மருந்து முடிந்த பிறகு டானிக் கொடுக்கலாம், அப்போது நல்லதும்கூட.

இன்னொரு வழியும் அதே காலத்தில் திறந்தது. கொஞ்சமாக நோய் கண்டு தேறிய குஞ்சுக்கு எதிர்ப்பு வரும் என்று முன்பே தெரியும். அலபாமாவின் ஆபர்னில் ஆலன் எட்கர் அளந்து எடுத்த உயிருள்ள ஓட்டு முட்டைகளையே தடுப்பு மருந்தாக்கினார். 1952இல் அது சந்தைக்கு வந்தது. யோசித்துப் பார்த்தால், தாயின் பின்னால் காய்ந்த மண்ணைக் கிளறித் திரியும் நாட்டுக்குஞ்சு தினமும் அந்தச் சிறு அளவைத்தான் கொத்திக்கொண்டிருக்கிறது. அடைத்து வைக்கும்போது சிறு அளவு பெரிய அளவாகிவிடுகிறது.

நம்ம வெள்ளை வேறு

சரி, அம்மா சொன்ன வெள்ளைக்கழிச்சல்? இங்கேதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். ரெட்கரின் வெள்ளைக்கழிச்சலும் அம்மாவின் வெள்ளைக்கழிச்சலும் ஒன்றல்ல. தமிழ்நாட்டில் அந்தப் பெயர் ராணிக்கெட் நோய்க்கு. அது பாக்டீரியாவும் இல்லை, ஒட்டுண்ணியும் இல்லை, வைரஸ்.

1926இல் ஜாவாவிலும், இங்கிலாந்தின் நியூகாசில் துறைமுக நகரின் அருகிலும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் இந்த நோய் பதிவானது. இங்கிலாந்தில் ஆராய்ந்த டாய்ல், வேறு நல்ல பெயர் கிடைக்கும்வரை இருக்கட்டும் என்று தற்காலிகமாக 'நியூகாசில் நோய்' என்றார். அந்தத் தற்காலிகம் இன்னும் முடியவில்லை. அதற்கு அடுத்து குமாவோன் மலையில் ராணிக்கெட் பகுதிக் கோழிகள் செத்தபோது, பக்கத்து முக்தேஸ்வர் கால்நடை ஆய்வகத்தின் எட்வர்ட்ஸ் அதை ஆராய்ந்து 1928இல் எழுதினார். இந்தியாவில் அந்த ஊர்ப் பெயர் நிலைத்தது. 1940களில் அதே முக்தேஸ்வரில் ஹேடோவும் இத்னானியும் வைரஸைக் கோழிக்கருவில் மாற்றி மாற்றி வளர்த்து, வீரியம் குறைத்துத் தடுப்பூசி ஆக்கினார்கள். இன்று 'ஆர்2பி' என்று போடும் ஊசியின் மூலம் அதுதான். கொஞ்சம் வீரியம் மிச்சம் இருப்பதால் எட்டு வாரத்துக்குக் குறைந்த குஞ்சுகளுக்குப் போடுவதில்லை. அவற்றுக்கு முதல் வாரத்தில் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு விடும் மென்மையான வகை இருக்கிறது. குளிர்ப்பெட்டி இல்லாத கிராமங்களுக்காகத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தீவனம் போலக் கொடுக்கும் குருணைத் தடுப்பு மருந்தையும் உருவாக்கியிருக்கிறது.

வீட்டில் என்ன பார்ப்பது

இத்தனையும் படித்த பிறகு அம்மாவும் நானும் உட்கார்ந்து பேசி, எங்களுக்காக ஒரு கணக்கு வைத்துக்கொண்டோம். நிறம் கடைசி, முதலில் வயசு.

பொரித்து இரண்டு, மூன்று வாரத்துக்குள், ஒரே தாயின் முட்டையில் வந்தவை வெள்ளையாகக் கழிந்து சாகின்றனவா? குஞ்சைவிடத் தாயைச் சந்தேகப்பட வேண்டும். அந்தக் கோழியின் ரத்தத்தைச் சோதிக்கச் சொல்லலாம். அதுவரை அதன் முட்டையை அடைக்கு வைக்கக் கூடாது.

மூன்று முதல் ஆறு வாரத்துக்குள், ஈரத்தரையில், ஒண்டி நின்று, கொண்டை வெளுத்து, எச்சத்தில் ரத்தம் என்றால் ரத்தக்கழிச்சல். நோய் கண்ட குஞ்சு தீவனத்தைத் தொடாது, தண்ணீர் மட்டும் குடிக்கும். அதனால் மருந்து தண்ணீரில். ஆம்ப்ரோலியம் என்றால் 0.012 முதல் 0.024 சதவீதம் வரை, மூன்றிலிருந்து ஐந்து நாள், பிறகு குறைந்த அளவில் இன்னும் ஒன்றிரண்டு வாரம். உங்கள் பாக்கெட்டின் அடர்த்திக்கு எத்தனை கிராம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாடியதற்கு மட்டும் அல்ல, கூட இருக்கிற எல்லாவற்றுக்கும் கொடுக்க வேண்டும், ஏனென்றால் மருந்து நன்றாக வேலை செய்வது ரத்தம் தெரிவதற்கு முந்தின நாட்களில்தான். நனைந்த கூளத்தை அன்றைக்கே அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். சாதாரண கிருமிநாசினி அந்த ஓட்டை ஒன்றும் செய்யாது. உலர்வும் வெயிலும்தான் அதற்குப் பகை.

குஞ்சு, விடை, தாய் என்று வயசு பார்க்காமல், பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, மூச்சு இரைந்து, கழுத்து முறுக்கிக்கொண்டு, ஒரே வாரத்தில் தெருவே காலியாகிறது என்றால் அது ராணிக்கெட். அதற்கு மருந்து இல்லை. நோய் வருவதற்கு முன்னால் போட்ட தடுப்பூசி மட்டும்தான். செத்ததைத் தெருவில் வீசாமல் ஆழமாகப் புதைப்பது அடுத்த வீட்டுக் கோழிக்குச் செய்கிற உதவி.

மூன்றில் எது என்று தெரியாவிட்டால், செத்த குஞ்சை எறிந்துவிடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோவது. நாங்கள் அதை முதல் நாளே செய்திருந்தால் பத்தில் பாதியாவது பிழைத்திருக்கும்.

இந்த வருடம் அம்மா அடை வைத்தது மாசியில். கொட்டகைத் தரையை மேடாக்கி, காய்ந்த நெல் உமி போட்டிருக்கிறோம். தண்ணீர்ச் சட்டி இப்போது செங்கல் மேல் இருக்கிறது, சிந்தாமல் இருக்க. தினமும் காலையில் பஞ்சாரத்தைத் தூக்கியதும் அம்மா முதலில் குஞ்சுகளை எண்ணுவார். இப்போது எண்ணி முடித்ததும் குனிந்து தரையையும் ஒரு தரம் பார்க்கிறார்.